பெயரறியாச் சுமையாளர்: நேட்டால் இந்திய மருத்துவ உதவிப் படை

ஊவா மலைநாட்டிலே, அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் இடையே புகைவண்டிப் பாதை செல்லும் தியத்தலாவையில் ஓர் இடுகாடு உண்டு. அங்கே அடங்கியிருப்போர் இந்நாட்டவருமல்லர், இந்நாட்டை ஆண்டவருமல்லர். தென்னாபிரிக்காவில் ஆங்கிலேயரோடு பொருது சிறைப்பட்டுக் கடல்கடந்து கொண்டுவரப்பட்ட போயர் அவர். 1900 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவருள் முதற் குழுவினர் கொழும்பில் வந்திறங்கினர். பின்னர் அத்தொகை ஏறக்குறைய ஐயாயிரமாகப் பெருகியது. நாவலப்பிட்டி, அட்டன், நானுஓயா வழியாக அவரை ஏற்றிச் சென்ற வண்டிகளைத் தேயிலை மலைகளிற் கொழுந்தெடுத்து நின்ற நம்மவர் பலர் கண்டிருப்பர். சிறையிருந்த காலத்தில் நோயால் இறந்தவர் நூற்றுக்கு மேற்பட்டோர். அவர் பெயர்கள் கல்லிலே பொறிக்கப்பட்டு இன்றும் நிற்கின்றன. பகைவர் மண்ணில் மாண்டோர்க்கும் பெயர் சொல்ல ஒரு கல் வாய்த்தது நல்லதே. இறந்தோர்க்குச் செய்யும் கடனில் பகையும் நட்பும் பார்ப்பது முறையன்று.

ஆயின், அதே போரின் மறுபுறத்தில், குண்டு விழும் வெளியிலிருந்து காயமுற்றோரைத் தோளிற் சுமந்து சென்ற ஏறக்குறைய ஆயிரத்து நூறு இந்தியர் இருந்தனர். அவருட் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்றவர். அவ்வொப்பந்தக் கூலிகளுள்ளும் தமிழரும் தெலுங்கரும் மிகப் பலர். திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சாவூர்ப் பகுதிகளிலிருந்து ஒரு தமையன் மண்டபம் வழியாகக் கண்டிச் சீமைக்கு வர, ஒரு தம்பி சென்னையிற் கப்பலேறி நேட்டாலுக்குச் சென்றிருத்தல் வியப்பன்று. எனவே அச்சுமையாளர் வரலாறு மலைநாட்டுத் தமிழர்க்குப் பிறர் வரலாறன்று.

நேட்டாலுக்கு இந்தியத் தொழிலாளர் சென்றது 1860 ஆம் ஆண்டில் தொடங்கியது. அவ்வாண்டு நவம்பர் 16 ஆம் நாள் சென்னையிலிருந்து சென்ற 'துரூரோ' என்னும் கப்பல் டர்பன் துறையை அடைந்தது. அன்று தொட்டு 1911 இல் அவ்வேற்றுமதி நிறுத்தப்படும் வரை ஒப்பந்தத்தின்பேரில் அங்கே சென்றவர் தொகை 1,52,184 எனக் கணக்கிட்டுள்ளனர். அவருள் மூன்றில் இரண்டு பங்கினர் அளவில் சென்னை மாகாணத்தார். ஐந்தாண்டு ஒப்பந்தம், கரும்புத் தோட்டத்திலோ, நிலக்கரிச் சுரங்கத்திலோ, இருப்புப் பாதையிலோ வேலை, முதலாண்டில் மாதச் சம்பளம் பத்துச் சிலிங்கு, ஆண்டுக்கொரு சிலிங்கு உயர்வு. இலங்கையில் நிலவியது கங்காணி முறை. இங்கே ஒப்பந்தச் சீட்டில்லை, முன்பணக் கடன் உண்டு; அங்கே கங்காணி இல்லை, சிறைத் தண்டனையோடு கூடிய ஒப்பந்தம் உண்டு. எது நன்று எனக் கேட்டு விடை காண முயல்வது வீண் வேலை. ஒரு வேறுபாடு மட்டும் இவ்வரலாற்றுக்கு இன்றியமையாதது. நேட்டாலுக்குக் கப்பலேறிய ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் இடப்பட்டது. அவர் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், ஜில்லா, உடலிற் காணும் அடையாளம் ஆகியன பதிவேட்டில் எழுதப்பட்டன. இதன் பயன் பின்னர்த் தோன்றும்.

1899 ஆம் ஆண்டு ஒக்டோபர் 11 ஆம் நாள் போர் மூண்டது. அப்பொழுது டர்பனில் வழக்கறிஞராயிருந்த காந்தியடிகள்க்கு வயது முப்பது. போயர் தம் நாட்டைக் காக்கப் போரிடுகின்றனர் என்பதை அவர் உணராதவரல்லர். அவர் மனம் அவர்பாற் சாய்ந்திருந்ததையும் பின்னாளில் மறைத்தாரில்லை. எனினும், பிரித்தானியப் பிரஜைகள் என்னும் உரிமையைக் கேட்பவர், அப்பிரஜைகளுக்குரிய கடமையையும் செய்தல் வேண்டும் என்று அவர் வாதித்தார். இந்தியர் பொருளீட்ட வந்த கூட்டம், ஆபத்து வந்தாற் கைகட்டி நிற்பர் என்று நேட்டால் வெள்ளையர் ஏசிவந்த வசையும் அவர் நெஞ்சில் உறுத்தியது. ஒக்டோபர் மாத நடுவில் டர்பனில் இந்தியர் சிலர் கூடி ஆலோசித்தனர். ஊதியமின்றி எப்பணிக்கும் வருவோம் என்று அரசாங்கத்துக்கு எழுதினர். ஆயுதம் பிடிக்கத் தெரியாது, காயமுற்றோரைத் தூக்கவும் மருத்துவமனையில் ஏவல் செய்யவும் கூடும் என்பதே அவர் கூறியதன் சாரம். அரசாங்கமோ நன்றி கூறி, இப்பொழுது தேவையில்லை என்று விடையிறுத்தது.

விடை அவ்வாறாயினும் முயற்சி நிற்கவில்லை. டர்பனில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் இந்தியப் பணியை நடத்திவந்த டாக்டர் பூத் என்பார் அவர்க்குக் காயமுற்றோரைப் பேணும் முறைகளைக் கற்பித்தார். இரத்தம் கசிவதை நிறுத்தல், முறிந்த எலும்பைச் சிம்பு வைத்துக் கட்டுதல், நினைவிழந்தவனை நடுங்காமல் தூக்குதல் முதலியனவே அத்தகைய பயிற்சியின் அகரவரிசை. நேட்டாற் பிஷப்பு பெயின்ஸ் அவர்களும் பரிந்து பேசினார். இதற்கிடையே போர்க்களத்தில் ஆங்கிலேயர்க்குத் தோல்விமேல் தோல்வி நேர்ந்தது. லேடிஸ்மித் நகரம் நவம்பர் மாதத்தொடக்கத்திலிருந்து முற்றுகையிடப்பட்டுக் கிடந்தது. அதனை மீட்க ஜெனரல் புல்லர் துகேலா ஆற்றங்கரையிற் பெருந்தாக்குதலுக்கு ஆயத்தமானபோது, ஆயிரக்கணக்கிற் காயமுறுவரென்பது தெளிவாயிற்று. வேண்டாம் என்ற அரசாங்கமே வருக என்று அழைத்தது.

இங்கே ஒரு சொல்லைப்பற்றிச் சிறிது கூறலாம். இந்தியப் படைகளிற் காயமுற்றோரைச் சுமக்கும் தூக்குப் படுக்கைக்கு 'டோலி' என்று பெயர். தூளி என நாம் வழங்கும் சொல்லுக்கு அஃது உறவினது. ஆங்கிலேயர் அதனைத் தூக்குபவரை டோலிக்காரர் என்றனர். போர்ச்செய்தி ஒன்றில் 'டோலிகள்' மலையிலிருந்திறங்கிக் காயமுற்றோரைத் தூக்கிச் சென்றன என்று கண்ட ஆங்கிலப் பேச்சாளர் ஒருவர், அவற்றைக் கொடிய மலைச்சாதியார் எனக் கருதிச் சினந்து பேசினார் என்றொரு பழங்கதை உண்டு. கதை மெய்யோ பொய்யோ, சுமப்பவரைப்பற்றிச் சுமத்தப்பட்டவர் நாட்டார் அறிந்திருந்த அளவுக்கு அது சான்றாகும்.

படையில் ஏறக்குறைய முந்நூற்றுவர் ஒப்பந்தம் நீங்கிய இந்தியர். எஞ்சிய எண்ணூற்றுவர் அளவினர் ஒப்பந்தத்திலிருந்தோர், தோட்டத்துரைமாரால் அனுப்பப்பட்டவர். தலைவர்களாக நாற்பதின்மர் அளவில் இருந்தனர். இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர். வழக்கறிஞர், கணக்கர், கொல்லர், தச்சர், கூலிகள் எனப் பலதரத்தார் ஒரே படையில் நின்றது அந்நாட்டு இந்தியர் வாழ்வில் அதற்கு முன் காணாதது.

டிசம்பர் 15 ஆம் நாள் கொலன்சோவிலே போர் நிகழ்ந்தது. புல்லரின் படை ஆற்றைக் கடக்க முயன்று தோற்றது. கொல்லப்பட்டும் காயமுற்றும் பிடிபட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டோரை ஒரே நாளில் இழந்தது. இந்தியப் படையினர் சீவெலி என்னும் நிலையத்தில் வண்டியைவிட்டிறங்கியதும், உணவோ ஓய்வோ இன்றிச் செஞ்சிலுவைக் குறியைப் பெற்றுக்கொண்டு ஏறக்குறைய ஆறு மைல் நடந்து கள மருத்துவமனையை அடைந்தனர். இருட்டுமுன் தொடங்கிய தூக்கு வேலை இரவிலும் நிற்கவில்லை. பின்னர்த் தென்னாபிரிக்கப் படைகளுக்குத் தலைமை தாங்க வந்த லார்டு ரொபர்ட்சின் ஒரே மகன், பீரங்கிகளை மீட்க ஓடி அக்களத்திலே வீழ்ந்தவன். அவனைச் சுமந்தோருள் இப்படையினரும் இருந்தனர் என்று காந்தியடிகள் எழுதியுள்ளார். சேனாதிபதியின் மகனும் பத்துச் சிலிங்குக் கூலியும் அவ்விரவில் ஒரு படுக்கையின் இரு புறமாயினர்.

சில நாட்களிற் படை கலைக்கப்பட்டது. ஜனவரி மாதத்தில் மீண்டும் அழைப்பு வந்தது. இம்முறை நேர்ந்ததே உண்மையான சோதனை. ஜனவரி 23 ஆம் நாள் இரவு ஸ்பியன்கொப் என்னும் மலையுச்சியை ஆங்கிலப் படை ஏறிப் பிடித்தது. பனி விலகியபோது, தாம் பிடித்தது உச்சியன்று, அதனைச் சூழ்ந்த மேடுகளிலிருந்து சுடத்தக்க ஒரு திறந்த தட்டு என்பதை அறிந்தனர். பாறை மண்ணில் ஆழமாகக் குழி தோண்டவும் இயலவில்லை. லூயி போத்தாவின் வீரர் பகல் முழுதும் சுட்டனர். மறுநாள் இரவு ஆங்கிலேயர் மலையை விட்டிறங்கினர். இறந்தவர் அங்கேயே கிடந்தனர். காயமுற்றோர் செங்குத்தான சரிவில் இறக்கப்பட வேண்டியவராயினர்.

இந்தியப் படையோடு முன்பு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, குண்டு விழும் எல்லைக்குள் அவர் செல்ல வேண்டியதில்லை. அவசரம் நேர்ந்தபோது புல்லரிடமிருந்து செய்தி வந்தது: எல்லைக்குள் வரவேண்டும் என்ற கட்டாயம் உமக்கு இல்லை, வந்து தூக்குவீராயின் அரசாங்கம் நன்றி பாராட்டும் என்பது அதன் கருத்து. தயங்கியவர் இலர் என்று காந்தியடிகள் கூறுவர். அதனால் ஸ்பியன்கொப்பிலும், பெப்ரவரி முதல்வாரத்தில் நிகழ்ந்த வால்கிராந்தஸ் போரிலும் அவர் எல்லைக்குள்ளே நின்று பணி செய்தனர். கடுங்காயமுற்றோரை மாட்டுவண்டியிலோ குதிரைவண்டியிலோ ஏற்றினால், அக்கரடுமுரடான பாதையின் குலுக்கலே அவர் உயிரைப் போக்கிவிடும். மனிதத் தோளே அவர்க்கேற்ற ஊர்தி. ஆகவே ஸ்பியர்மன் முகாமிலிருந்து பிரேர் நிலையம் வரை, ஏறக்குறைய இருபத்தைந்து மைலை, ஒரே பகலிற் சுமந்து நடந்தனர். நடையிலும் ஒரு நயம் வேண்டும். முன்னிருப்பவனும் பின்னிருப்பவனும் ஒரே காலை எடுத்துவைத்தால் படுக்கை ஆடும். மாறுகால் வைத்தால் ஆடாது. ஏற்றத்தில் தலைப்புறம் முன்னாக, இறக்கத்தில் காற்புறம் முன்னாகக் கொண்டு செல்லவேண்டும். காலில் எலும்பு முறிந்தவனாயின் இம்முறை மாறும். நண்பகல் வெயிலிலே, தண்ணீர் அரிதான அத்தேசத்திலே, இவற்றைத் தவறாமற் செய்து இருபத்தைந்து மைல் நடப்பது எளிய செயலன்று. மலையுச்சியிற் படுகாயமுற்ற ஜெனரல் வுட்கேட் அவ்வாறு தூக்கிச் செல்லப்பட்டோருள் ஒருவர்.

ஆறு வார அளவிற் பணி முடிந்தது. பெப்ரவரி 28 ஆம் நாள் லேடிஸ்மித் மீட்கப்பட்டது. அந்நகருள் முற்றுகைக் காலத்திலே பிரபுசிங் என்ற ஒப்பந்தக் கூலி ஒருவர் செய்த காரியம் தனியே கூறத்தக்கது. எதிரியின் பெரும்பீரங்கி மலைமேலிருந்து வெடிக்கும் ஒளியைக் காணுந்தோறும், தாம் மறைவிற் புகாமல் நின்று மணியடித்து நகரத்தாரை எச்சரித்தார் அவர். அவர்க்கு மட்டும் பெயர் நின்றது. இந்திய வைசிராயின் மனைவியார் காசுமீர அங்கி ஒன்றை அனுப்பினர்.

இனி, தொண்டர் என்னும் சொல்லை இப்படையினர்க்கு வழங்கலாமா என்று ஆராய்தல் வேண்டும். தலைவர்கள் தாமாக வந்தவர் என்பதில் ஐயமில்லை. ஒப்பந்தத்திலிருந்த எண்ணூற்றுவர் நிலை வேறு. தோட்டத்தைவிட்டு அனுமதிச் சீட்டின்றி வெளியே சென்றாற் சிறை என்ற சட்டத்தின் கீழ் வாழ்ந்தவனை, துரை அழைத்துப் 'போ' என்றால், அவன் போவது விருப்பத்தாலா கட்டளையாலா? இதற்கு ஏடுகளில் விடை தேடினால், தலைவர் எழுதியவையே கிடைக்கும். கூலி எழுதியது இல்லை. தோட்டத்திலிருந்து புறப்பட்டதைக் கட்டளை என்றே கொள்ளலாம். ஆயினும் குண்டெல்லைக்குள் புகுந்த பொழுதை அவ்வாறு கொள்ள இயலாது. அங்கே துரையும் இல்லை, ஒப்பந்தமும் அதனை விதிக்கவில்லை. மாறாகப் புகவேண்டியதில்லை என்ற ஏற்பாடே இருந்தது. படுக்கையைக் கீழே வைத்துவிட்டு ஓடியவனைத் தேடிப் பிடிக்க அப்பேரிரைச்சலில் யார்க்கும் பொழுதிருந்திராது. புகுந்தனர், தூக்கினர், திரும்பப் புகுந்தனர். கட்டளையால் வந்தவர் களத்திலே தொண்டராயினர் என்பதே பொருத்தமான முடிபாகும்.

புல்லர் தம் அறிக்கையில் இப்படையைப் பாராட்டினார். முப்பத்தேழு தலைவர்க்குப் போர்ப் பதக்கம் அளிக்கப்பட்டது. எஞ்சியோர்க்கு இல்லை. அம்முப்பத்தெழுவர் பெயரைத் தேடுவோர் காணலாம். எஞ்சிய ஆயிரவர்? மேலே குறித்த கப்பற் பதிவேடுகள் அழியாமல் உள்ளன. அண்மைக் காலத்தில் அவை கணினியிலும் ஏற்றப்பட்டுள்ளன. அங்கே அவ்வாயிரவர் பெயரும், தந்தையர் பெயரும், ஊரும், முகத்துத் தழும்பும் இருக்கின்றன. எவர் எக்கப்பலில் வந்தார் என்பதுண்டு. எவர் ஸ்பியன்கொப் சரிவில் இறங்கினார் என்பதில்லை. அரசாங்கம் கூலியை எண்ணிய கவனத்தோடு சுமையாளனை எண்ணவில்லை. ஜொகானஸ்பேர்க்கில் ஒரு குன்றின்மேல், அப்போரில் இறந்த இந்தியப் படையினரையும் அதன் பணியாளரையும் நினைந்து எழுப்பிய தூண் ஒன்று உண்டு. அஃது இந்தியாவிலிருந்து சென்ற சேனையைச் சார்ந்தோர்க்குரியது. நேட்டாலிற் கரும்பு வெட்டிக்கொண்டிருந்து களம் சென்றவர் சேனையைச் சார்ந்தவரல்லராதலின் அக்கணக்கினுள்ளும் வாரார்.

போருக்குப்பின் அவர்க்குக் கிடைத்தது யாது என்பதைச் சட்டப்புத்தகம் கூறும். ஒப்பந்தம் முடிந்தபின் நேட்டாலிலே தங்குவோர் ஆண்டுதோறும் மூன்று பவுண் தலைவரி செலுத்தவேண்டும் என்று 1895 ஆம் ஆண்டில் விதிக்கப்பட்டிருந்தது. மூன்று பவுண் என்பது அறுபது சிலிங்கு. பத்துச் சிலிங்குக் கூலிக்கு ஆறு மாத உழைப்பு. மனைவிக்கும் அவ்வாறே வரியுண்டு. போரில் இந்தியர் செய்த உதவியைப் பத்திரிகைகள் புகழ்ந்த மை உலர்ந்ததோ இல்லையோ, 1903 ஆம் ஆண்டில் அவ்வரி பிள்ளைகளுக்கும் நீட்டப்பட்டது: ஆண்மக்களுக்குப் பதினாறு வயதிலும் பெண்மக்களுக்குப் பதின்மூன்று வயதிலும். கொலன்சோவில் தூக்கியவன் ஒருவன் ஒப்பந்தம் முடிந்து மனைவியோடும் பருவமெய்திய இரு பிள்ளைகளோடும் அங்கே குடியிருந்தானாயின், ஆண்டுக்குப் பன்னிரண்டு பவுண் கட்டவேண்டியவனானான்.

1906 ஆம் ஆண்டில் நேட்டால் அரசாங்கம் விதித்த தலைவரியை எதிர்த்து சூலு மக்கள் பம்பாத்தா என்னும் தலைவன் கீழ்க் கிளர்ந்தபோது, மறுபடியும் ஓர் இந்தியத் தூக்குப்படை அமைந்தது. சிறியது, இருபத்துநால்வரே. நால்வர் குஜராத்தியர், ஒருவர் பட்டாணியர், மற்றைப் பத்தொன்பதின்மரும் ஒப்பந்தம் நீங்கிய தென்னிந்தியர். இவர் தூக்கியதும் மருந்திட்டதும் பெரும்பாலும் சூலுமக்களையே. அவருட் சிலர் சவுக்கடியால் முதுகு கிழிந்து, புண் அழுகிக் கிடந்தவர். வெள்ளைத் தாதியர் அவரைத் தொட மறுத்தனர். வேலிக்கப்பால் நின்ற வெள்ளை வீரர், இவரைத் தொடாதீர் எனத் தடுத்ததையும், கேளாதபோது ஏசியதையும் காந்தியடிகள் எழுதிவைத்துள்ளார். முன்னைய போரில் ஆள்வோரைச் சுமந்த தோள் இம்முறை ஆளப்படுவோரைச் சுமந்தது. தலைவரியின் கொடுமையை அறிந்த பத்தொன்பதின்மர், தலைவரியை எதிர்த்து அடியுண்டவரின் புண்ணைக் கழுவினர். இரண்டனுள் எது பெரும்பணி என்று கேட்டால், இருபத்தைந்து மைல் நடையை விடவும் இதனையே பெரிதெனக் கூறல் தகும். ஆனால் நூல்கள் பல ஸ்பியன்கொப்பை விரித்து இதனை ஓரிரு வரியில் முடித்துவிடுகின்றன.

மூன்று பவுண் வரி 1914 ஆம் ஆண்டில் நீங்கியது. அதற்கு முன்னையாண்டு நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலைநிறுத்தம் எழுந்தது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் எல்லை கடந்து திரான்சுவாலுக்கு நடந்தனர். அந்நடை தொடங்கிய நியூகாசிலும் பழைய போர்க்களங்களும் ஒரே இருப்புப்பாதையில் உள்ளவை. ஆள்வோரைச் சுமந்து நடந்தவர் சிலரேனும், பதின்மூன்றாண்டு கழித்துத் தமக்காக நடந்த அக்கூட்டத்தில் இருந்திருக்கக்கூடும். சிறையிலுற்ற துன்பத்தால் 1909 இல் மாண்ட நாகப்பனுக்கும், 1914 பெப்ரவரியில் பதினாறு வயதில் மாண்ட தில்லையாடி வள்ளியம்மைக்கும் ஜொகானஸ்பேர்க்கின் பிராம்பொன்டெயின் இடுகாட்டில் நடுகல் உண்டு. காந்தியடிகள் தென்னாபிரிக்காவை விட்டுப் புறப்படும் வாரத்தில், 1914 ஜூலையில், அவற்றைத் திறந்துவைத்தார். போர்ப் பதக்கத்தையோ 1920 ஆகஸ்டிலே வைசிராயிடம் திருப்பி அனுப்பிவிட்டார்.

1927 நவம்பரில் அவர் இலங்கைக்கு வந்து அட்டனிலும் நுவரெலியாவிலும் பதுளையிலும் தோட்டத் தொழிலாளரைக் கண்டார். அவர் கண்ட அம்மக்களும் சுமையாளரே. தோட்டங்களின் மருத்துவத் தேவைகளுக்கென 1872 ஆம் ஆண்டிலேயே இந்நாட்டிற் சட்டம் இயற்றப்பட்டது, மருந்தகங்களும் தோன்றின. எனினும் லயத்திலிருந்து பெருந்தெருவுக்கு வரும் வழி மலைச்சரிவாயிருந்த இடங்களில், பேறுகால வேதனையுற்றவளையும் பாம்பு தீண்டியவனையும் கம்பளியிலோ கதிரையிலோ வைத்துக் கம்பிற் கட்டி அயலவர் தூக்கிவரும் வழக்கம் நெடுங்காலம் நின்றது. மோட்டார் வண்டி ஏற முடியாத கணக்குகளில் இன்றும் அது முற்றாக மறைந்துவிடவில்லை. 2016 ஆம் ஆண்டில் இந்தியாவின் உதவியோடு தொடங்கிய '1990 சுவசெரிய' நோயாளர் வண்டிச் சேவை பின்னர் நாடெங்கும் பரவியபோதும், வண்டி நிற்குமிடம் வரை தூக்கி வருவது தோளின் வேலையாகவே உள்ளது. அத்தூக்குவோர்க்குப் பதிவேடு எதுவுமில்லை. 1901 ஆம் ஆண்டளவில் தொடங்கிய தகரச் சீட்டு முறையில் இங்கு வந்தவர் கழுத்திலே தொங்கியதும் தோட்டத்தின் எழுத்தும் ஓர் எண்ணுமே. நேட்டாற் பதிவேட்டிலே ஊரும் தந்தை பெயருமாவது இருக்கின்றன. அங்குள்ள பேரப்பிள்ளைகள் அவற்றைக் கொண்டு தஞ்சை, சேலம், வடவார்க்காட்டுக் கிராமங்களைத் தேடி வருகின்றனர். ஸ்பியன்கொப்பில் இறந்த ஆங்கில வீரர் பலர் அவர் வீழ்ந்த நீண்ட பதுங்குகுழியிலேயே அடக்கப்பட்டனர். அக்குழியை வெண்கற்கள் எல்லையிட்டுக் காட்டுகின்றன. அதற்குக் கீழே ஸ்பியர்மன் முகாம் நோக்கிச் சரிந்திறங்கும் வழியே தமிழ்ச் சுமையாளர் நடந்த வழி.